கடன் எவ்வளவு? ஆள் எப்படி?

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு மூணு வழி. ஒண்ணு மேலே ஏறி ஹப்புத்தளைக்குப் போகும். ஒண்ணு கீழே இறங்கி கொஸ்லந்த, வெல்லவாய பக்கம் போகும். இன்னொண்ணு ஹல்துமுல்ல வழியாகக் கொழும்புக்கு. எங்க கூட்டத்துல பாதிப்பேர் மூணாவது வழியில போய் வேலை பார்த்துட்டு, பெருநாளுக்குத் திரும்பி வந்து, மறுபடியும் அதே வழியில போறவர்கள்தான்.

போன மாசம் எங்களோட தங்கச்சி ஒருத்தி ஒரு விண்ணப்பப் படிவத்தோட வந்தாள். விமான நிலையத்துக்குள்ள நுழைய அனுமதி வேணும்ங்கிற மாதிரியான வேலை. அதனால பின்னணி விசாரணை உண்டு. பேர், விலாசம், படிப்பு எல்லாத்தையும் மளமளன்னு நிரப்பிட்டு, ரெண்டு கேள்வியில நின்னுட்டாள். ஒண்ணு, கட்டாத கடன் இருக்கா? இன்னொண்ணு, முன்னாடி பார்த்த வேலையிலிருந்து ஏன் விலகினீர்கள், எப்போதாவது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டதா?

கடன் இருந்தது. அம்மா எடுத்த குழுக்கடனுக்கு இவள் பிணைக் கையெழுத்து. அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த ஆறு மாசத்துல தவணை நின்னுபோச்சு. ரெண்டாவது கேள்விக்கும் பதில் இருந்தது. கொழும்புப் பக்கம் ஒரு தையல் ஆலையில வேலை பார்த்தவள், அதே ஆறு மாசத்துல சொல்லாம கொள்ளாம ஊருக்கு வந்துட்டாள். "இல்லைன்னு போட்டுறவா?"ன்னு எங்களைக் கேட்டாள்.

பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த அப்பாயிதான் முதல்ல வாய் திறந்தது. "கடன் எவ்வளவு, ஆளு எப்படின்னு கேக்குறானா? இதைத்தானே அந்தக் காலத்துல துண்டுன்னு சொல்லுவாங்க. எங்க தாத்தா சொல்லிருக்காரு."

அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். மலையகத்தில் இந்த ரெண்டு கேள்வியும் நூற்றைம்பது வருசத்துக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் கேட்டவர் வேற. ஆனால் பதிலை எழுதிய கை பெரும்பாலும் நம்ம கையாக இருக்கவில்லை. இந்த வரலாற்றில் நாங்கள் கண்ட முக்கியமான விசயம் அதுதான்.

கடன் எங்கிருந்து வந்தது

தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கிளம்பும்போதே கடன் தொடங்கிவிடும். கங்காணி ஊருக்கு வந்து ஆள் கட்டுவார். வழிச்செலவு, ஊரில் இருக்கிற பழைய கடனை அடைக்கக் கொஞ்சம், குடும்பத்துக்கு விட்டுவிட்டு வரக் கொஞ்சம். இதற்கெல்லாம் தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி அதைத் தன் ஆட்களின் பேரில் பற்று எழுதிக்கொள்வார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தபோது, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அந்தப் பயணச் செலவும் கணக்கில் ஏறியது.

மலைக்கு வந்து சேர்ந்த பிறகு அரிசி, கம்பளி, மருந்து, சாமிக் காரியம், கல்யாணம், சாவு எல்லாம் பற்றுத்தான். இதற்கு ஒரு முக்கியமான காரணம் சம்பளம் தரப்பட்ட விதம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு என்று சொல்லித்தான் வந்தது. அந்தச் சட்டமே ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றது. தை மாசம் வேலை செய்தவருக்குப் பங்குனி கடைசியில் காசு. இடையில் அடுப்பு எரிய வேணுமே? கங்காணியிடம்தான் போகணும். கடன் வாங்காமல் இருக்கவே முடியாதபடி சம்பளத்தை அமைத்துவிட்டு, பிறகு "இவன் கடன்காரன்" என்று ஏட்டில் எழுதினார்கள்.

கங்காணிக்கும் இதில் வருமானம் இருந்தது. அவரது ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினார்கள் என்பதைப் பொறுத்துத் தலைக்காசு கிடைத்தது. ஆட்கள் தன்னை விட்டுப் போகாமல் இருப்பது அவருக்கு முக்கியம். கடன் அதற்கு நல்ல கயிறு.

துண்டு என்றால் என்ன

இப்போது துண்டுக்கு வருவோம். ஒரு பெரிய கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். துரை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணி, அவருக்குக் கீழே இத்தனை ஆட்கள், இவர்கள் இத்தனை ரூபா தோட்டத்துக்குத் தரவேணும், அந்தத் தொகையைக் கட்டினால் விடுவித்துவிடுகிறேன். விசயம் அவ்வளவுதான்.

கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவார். ஆள் தேவைப்படுகிற இன்னொரு துரை அந்தத் தொகையைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை அப்படியே புதிய தோட்டத்தில் அவர்களது கடனாகிவிடும். மேலே கொஞ்சம் புது முன்பணமும் சேரும். ஆள் தட்டுப்பாடு வந்த காலத்தில் தோட்டங்கள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு முன்பணத்தை ஏற்றின. ஆக, ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கடன் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஒருவர் பத்து வருசம் வேலை செய்து மூன்று தோட்டம் மாறினால், வந்த நாளில் இருந்ததைவிடக் கூடிய கடனோடு நிற்பார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விசயம் உண்டு. துண்டில் ஒரு குடும்பத்தின் கடன் தனியாக எழுதப்படாது. கூட்டத்துக்கே ஒரு தொகை. அதில் தன் பங்கு எவ்வளவு என்று ஒரு தொழிலாளி தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தக் காகிதத்தை அவர் கையில் பிடித்ததும் இல்லை. பிடித்திருந்தாலும் படித்திருக்க முடியாது. அது துரைக்கும் துரைக்கும் இடையிலான கடிதம். எழுதப்பட்டது அவரைப் பற்றி. ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இன்றைக்கு ஒரு வங்கியோ நிறுவனமோ நம்ம கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும்போது நமக்கு வருகிற படபடப்பு புதுசு இல்லை. அது துண்டின் பேரப்பிள்ளை.

ஒழுக்கம் என்று எதைச் சொன்னார்கள்

கடனுக்குத் துண்டு. ஒழுக்கத்துக்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். எசமான், வேலைக்காரன் உறவைப் பற்றிய சட்டம் அது. மாதக் கணக்கில் வேலை செய்கிற தொழிலாளி உரிய முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் குற்றம். வேலைக்கு வராமல் இருந்தால் குற்றம். குடிபோதை, சொன்னதைச் செய்யாமை, மரியாதைக் குறைவு, வேலையில் அசட்டை, இவையும் அந்தப் பட்டியலில். தண்டனை மூன்று மாதம் வரைக்கும் சிறை.

மரியாதைக் குறைவு என்றால் என்ன? துரை வரும்போது தலைப்பாகையை எடுக்காமல் நின்றதா? சம்பளம் எப்போ என்று கேட்டதா? அதைத் தீர்மானிக்கிறவர் முறைப்பாடு செய்கிற அதே துரைதான். சம்பளம் தர மறுத்தால் தோட்டத்தின் மேல் வழக்குப் போடலாம் என்றும் சட்டத்தில் இருந்தது. ஆனால் மலை உச்சியில் இருக்கிற லயத்திலிருந்து இறங்கி, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ நடந்து போய், இங்கிலீசில் நடக்கிற நீதிமன்றத்தில் ஒரு தொழிலாளி துரையின் மேல் வழக்குப் போடுவது எவ்வளவு தூரம் நடக்கிற காரியம்?

வழக்கு வரைக்கும் போகாத தண்டனையும் இருந்தது. அது இன்னும் நம்ம பேச்சில் உயிரோடு இருக்கிறது. "பேர் போடுறது", "அரைப்பேர்" என்கிறோமே, அதேதான். ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பேர். கொழுந்து நிறை குறைந்தால், பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அரைப்பேர். செக்ரோலில் எழுதப்படும் ஒரு கோடு, ஒரு மனுசனின் உழைப்பையும் நடத்தையையும் ஒரே நேரத்தில் அளந்துவிடும். அந்தச் செக்ரோல் தோட்ட ஆபீசில் பூட்டில் இருக்கும்.

எங்க தங்கச்சி தையல் ஆலையிலிருந்து சொல்லாமல் வந்தது 1890இல் நடந்திருந்தால், அவளைத் தேடிப் பிடியாணை வந்திருக்கும். தோட்டத்து இங்கிலீசில் அப்படிப்பட்டவர்களுக்கு "போல்ட்டர்" என்று பேர். ஓடிப்போனவர். ஏன் ஓடினார் என்று கேட்கிற பத்தி அந்தப் பதிவேட்டில் கிடையாது.

1921: துண்டு போனது, சீட்டு வந்தது

இந்த ரெண்டு கயிறும் ஒரே நேரத்தில்தான் அறுந்தது. 1919இல் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கினார். பெரி சுந்தரம் அவரோடு நின்றார். வேலையை விட்டுப் போனதற்குச் சிறை என்பது எந்த நியாயம் என்பது அவர்களது கேள்வி. இந்தியாவிலிருந்தும் அழுத்தம் வந்தது. துரைமாருக்கும் வேறு ஒரு கவலை இருந்தது. போட்டியில் ஏறிக்கொண்டே போன முன்பணம் அவர்களையே கடித்தது. எல்லாம் சேர்ந்து 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் வந்தது. துண்டு தடை செய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு வேலை ஒப்பந்த மீறலுக்காகச் சிறை என்கிற ஏற்பாடும் நீங்கியது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்து, 1929இல் உயர்மலைப் பகுதிக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி நிர்ணயமானது. ஒரே மலையில் ஏறி இறங்கிய பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஆனால் காகிதம் சும்மா போகவில்லை, உருவம் மாறி வந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவருக்குக் கொடுக்கிற சீட்டை நம்ம ஆட்கள் பத்துச்சீட்டு என்றார்கள். அது கையில் வந்தால் லயத்துக் காம்பராவையும் காலி செய்யணும். வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்ததால், நடத்தை சரியில்லை என்ற ஒரு முடிவு குடும்பத்தையே ரோட்டில் நிறுத்தியது. தொழிற்சங்கம் வந்த பிறகு சங்கத்தில் சேர்வதே கெட்ட நடத்தையாகிவிட்டது.

இதை எதிர்த்து நின்றதில் நம்ம ஊவாவுக்கு ஒரு பக்கம் உண்டு. 1940இல் பதுளைப் பக்கம் வேவஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம். அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசி நடக்கிறேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த வெற்றி நீண்ட நாள் நிலைக்கவில்லை, பொலிஸ் அடக்குமுறையில் அந்த அலை அடங்கியது. ஆனாலும் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். யார் எப்படிப்பட்ட ஆள் என்று துரை ஒருவரே தீர்மானிக்கிற வழக்கத்தில், "நாங்களும் பேசுவோம்" என்று முதல் தடவையாக ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது.

1949: நாட்டுக்குள் இருக்கத் தகுதி உண்டா

அடுத்த கட்டத்தில் கேள்வி கேட்டது அரசாங்கம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி இங்கே பிறந்தவர் என்றால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கணும், இல்லையென்றால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். லயத்தில் பிறந்த தலைமுறைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தானே? 1947 தேர்தலில் பதுளையில் எஸ்.எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே நம்ம பேர் போய்விட்டது. அந்த வருசம் சத்தியாக்கிரகமும் நடந்தது. கோடாகன்பிள்ளை வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1953இல் தோற்றது.

இதற்கு நடுவில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் நிபந்தனைகளைப் படித்தபோதுதான் எங்களுக்குத் திக்கென்றது. 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருசம், ஆகாதவர் 10 வருசம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்கணும். நடுவில் ஒரே தடவையில் 12 மாசத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருக்கக் கூடாது. மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்திருக்கணும். தன்னையும் குடும்பத்தையும் காப்பாற்ற நியாயமான, நிச்சயமான வருமானமோ தொழிலோ இருக்கணும். இலங்கைச் சட்டப்படி வாழ்வதற்குத் தடையான குறை எதுவும் இருக்கக் கூடாது.

கடன் எவ்வளவு, ஆள் எப்படி. அதே ரெண்டு கேள்விதான். இப்போது அது சட்டப் பாசையில் வந்தது.

விண்ணப்பம் போட 1951 ஆகஸ்ட் வரைக்கும் ரெண்டு வருசம் தந்தார்கள். முதலில் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. பிறகு மனம் மாறி, காலம் முடிகிறதற்குள் எல்லாரும் போடுங்கள் என்றது. சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல். விசாரணை பல வருசம் இழுத்தது. கடைசியில் பதிவானவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

மற்றவர்கள் எதில் தோற்றார்கள்? ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று போய், கப்பல் கிடைக்காமல் ஒரு வருசத்துக்கு மேல் தங்கியவருக்குத் தொடர்ச்சி அறுந்தது. பிரசவத்துக்கு மனைவியை இந்தியாவுக்கு அனுப்பியவர், ஊருக்கு மணியோடர் அனுப்பியவர், "இங்கே நிரந்தரமாக இருக்கிற எண்ணம் உமக்கில்லை" என்ற பதிலுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. வயசான தாய்க்கு மாசாமாசம் காசு அனுப்புகிற பிள்ளையைப் பொறுப்பானவன் என்று ஊர் சொல்லும். விசாரணை மேசையில் அதே மணியோடர் ரசீது அவனுக்கு எதிரான சாட்சி.

சாட்சிக் காகிதங்கள் எங்கே இருந்தன? செக்ரோல் தோட்டத்து ஆபீசில். பேர் இங்கிலீசில் கிளாக்கர் எழுதியபடி. ஒரு இடத்தில் முத்துசாமி, இன்னொரு இடத்தில் முத்தையா என்று இருந்தால் அவர் ரெண்டு ஆள். நிரூபிக்கிற பொறுப்பு முழுக்க விண்ணப்பித்தவர் தலையில். நிரூபிக்க வேண்டிய காகிதம் மட்டும் மற்றவர் அலுமாரியில்.

ஆனாலும் ஒரு இலட்சத்துக்கு மேல் பேர் அந்தக் கதவுக்குள் நுழைந்தார்களே, எப்படி? சங்கத்து ஆட்கள் லயம் லயமாகப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். அரிசிக் கூப்பன் புத்தகம், பள்ளிக்கூடத்து இடாப்பு, பிள்ளையின் பிறப்புச் சான்று என்று வீட்டில் கிடந்த காகிதத்தையெல்லாம் தேடி எடுத்தார்கள். மறுக்கப்பட்டவர்களில் சிலர் உயர் நீதிமன்றம் வரைக்கும் மேன்முறையீட்டுக்குப் போனார்கள். அப்பாயி தன் தகரப் பெட்டியில் பழைய கூப்பன் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதற்கு அர்த்தம் எங்களுக்கு இப்போதுதான் விளங்குது.

கடல் கடந்து ஒரு வழக்கு

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையையும் சொல்லணும். ஏனென்றால் எங்க தங்கச்சியின் படிவத்தில் இருந்த மாதிரியான கேள்விகளைப் பெரிய அளவில் முறைப்படுத்தி வைத்திருக்கிற நாடு அதுதான். வில்லியம் கிரீன் என்ற பொறியியலாளர் கடற்படைக்கு வேலை செய்கிற ஒரு தனியார் கம்பனியில் பெரிய பதவியில் இருந்தார். 1953இல் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். யார் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் காட்டவில்லை. வேலையும் போனது. வழக்கு உயர் நீதிமன்றம் போய் 1959இல் தீர்ப்பு வந்தது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கிற முடிவை, அவருக்கு எதிரான சாட்சியை அவர் பார்த்துக் குறுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் எடுக்க, இந்தத் திணைக்களத்துக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றது நீதிமன்றம். அடுத்த வருசமே, 1960 பெப்ரவரியில், ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒரு நிறைவேற்று ஆணையில், காரணத்தை எழுத்தில் தரணும், பதில் சொல்ல வாய்ப்பும் தரணும் என்று விதித்தார்.

இன்று அங்கே நடைமுறையில் இருக்கிற வழிகாட்டி 2017இல் வந்தது. அதில் பணப் பிரச்சினைக்கு ஒரு பகுதி, தனிப்பட்ட நடத்தைக்கு ஒரு பகுதி. சுவாரசியம் என்னவென்றால், ஒவ்வொரு பகுதியிலும் குறையைச் சொன்ன பிறகு, அந்தக் குறையைத் தணிக்கிற காரணங்களும் வரிசையாக இருக்கு. வேலை இழப்பு, நோய் போல உங்கள் கைமீறிய காரணத்தால் கடன் வந்து, அந்த நிலைமையில் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா? கடனை அடைக்க நேர்மையாக முயற்சி எடுக்கிறீர்களா? கடனே உங்களுடையது இல்லை என்று சொல்ல நியாயமான ஆதாரம் இருக்கா? நடந்தது பழைய கதையா, இன்னும் தொடர்கிறதா? மறைத்ததை மற்றவர் கண்டுபிடிக்கும் முன்னே நீங்களே திருத்திச் சொன்னீர்களா? ஒரே ஒரு கோட்டை வைத்துத் தீர்மானிக்காமல் ஆளை முழுசாகப் பார்க்கணும் என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் அங்கேயும் எல்லாருக்கும் நியாயம் கிடைக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் "ஏன்" என்ற பத்தி அந்தப் படிவத்தில் இருக்கு.

1865இன் சட்டத்திலும், துண்டிலும் இல்லாமல் போனது அந்த ஒரு பத்திதான். 60 நாள் பிந்திய சம்பளம் கைமீறிய காரணம் இல்லையா? கப்பல் இல்லாமல் தங்கியது கைமீறிய காரணம் இல்லையா?

1988, 2003: சொந்த வாயால் சொன்னது

நம்ம பக்கத்தில் அந்தப் பத்தி வந்து சேர நெடுங்காலம் ஆனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ரெண்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்டன. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த ஒன்பதே முக்கால் இலட்சத்தில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. துரைக்கும் துரைக்கும் இடையிலான கடிதம், இந்தத் தடவை அரசுக்கும் அரசுக்கும் இடையில்.

மாற்றம் 1988இல் வந்தது. அந்த வருசத்தின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தபோது, ஒரு சத்தியக் கடதாசி போதும் என்றது. நான் இன்ன ஆள், இங்கே வாழ்கிறேன், இந்தியப் பிரஜை இல்லை என்று ஒருவர் தானே சத்தியம் செய்து சொன்னால் அது ஏற்கப்படும். மறுக்க விரும்பினால் அரசாங்கம் நிரூபிக்கட்டும். பாரம் ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாறியது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரஜைகள் என்றானது. வருமானம் எவ்வளவு, எங்கே காசு அனுப்பினாய் என்ற கேள்வி அதில் இல்லை.

இந்த வரலாற்றை முதல் தடவையாக வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது எங்களுக்கு விளங்கியது இதுதான். நம்ம ஆட்கள் கடன் இல்லாதவர்களாக மாறியதால் வெல்லவில்லை. குறையே இல்லாத ஆட்கள் என்று நிரூபித்தும் வெல்லவில்லை. தங்கள் கதையைத் தாங்களே எழுத்தில் சொல்கிற இடத்தை, ஒவ்வொரு அங்குலமாகப் பிடித்து வென்றார்கள். சபை, சங்கம், மேன்முறையீடு, கூப்பன் புத்தகம், கடைசியில் சத்தியக் கடதாசி.

படிவத்துக்குத் திரும்புவோம்

அதனால்தான் தங்கச்சியிடம் "இல்லைன்னு போடாதே" என்று சொன்னோம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இல்லை என்று எழுதினால், எழுதுகிற இடத்தை நாமே மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறோம். பொய் பிடிபட்ட அன்றைக்கு, கடனைவிடப் பொய்தான் பெரிய குற்றமாக நிற்கும். அந்த ஆறு மாசமும், அப்பாவின் நோயும் யார் கண்ணிலும் படாது.

அன்றைக்கு ராத்திரி நாலு பேர் உட்கார்ந்து செய்தது இவ்வளவுதான். முதல்ல, 1990இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தில், அதாவது கிரிப் என்கிறோமே, அங்கே அவள் பேரில் என்ன பதிவாகியிருக்கு என்று அறிக்கை கேட்டோம். தன்னைப் பற்றிய அறிக்கையை யாரும் கேட்டு வாங்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். பாட்டன் தன் துண்டைப் பார்க்கவே முடியாமல் இருந்தார், பேத்தி பார்க்கிறாள். ரெண்டாவது, குழுக்கடன் கொடுத்தவர்களிடம் போய், மாசாமாசம் கட்டக்கூடிய ஒரு தொகைக்கு எழுத்தில் இணக்கம் வாங்கினோம். ரெண்டு தவணை கட்டிய ரசீதும் சேர்த்தாச்சு. மூணாவது, அப்பாவின் கிளினிக் புத்தகத்துப் பிரதி. நாலாவது, பழைய ஆலைக்கு ஒரு கடிதம். இன்ன காரணத்தால் அறிவிக்காமல் வந்தேன், அது பிழை, என் சேவைக் காலத்துக்கு ஒரு கடிதம் தாருங்கள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நம்மைப் பற்றிய தகவல் மாட்டிக்கொண்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு என்பதையும் குறித்துவைத்தோம்.

கடைசியில் ஒரே ஒரு பக்கத்தில் அவளே எழுதினாள். கடன் இருக்கு, இவ்வளவு, இந்தக் காரணம், இப்படிக் கட்டி வருகிறேன். சொல்லாமல் வேலையை விட்டேன், இந்தக் காரணம், மறுபடி அப்படிச் செய்ய மாட்டேன். மூணு தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை எழுதியது. கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை.

இதனால் வேலை கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பதில் இன்னும் வரவில்லை. தோட்ட விலாசத்துக்கு வருகிற கடிதம் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து லயத்துக்கு வந்துசேர எத்தனை நாளாகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் அவள் பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கிற அண்ணனின் விலாசத்தைப் போட்டிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு விலாசம் என்பதே நமக்கு இன்னும் முடியாத வேலை. அதைப் பற்றித் தனியாக எழுதணும்.

தபால் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு அப்பாயி அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டது: "இதுக்கு ஒரு பிரதி வச்சிருக்கியா?" வச்சிருக்கு அப்பாயி. உங்க தகரப் பெட்டியிலதான், அந்தக் கூப்பனுக்குப் பக்கத்துல.